ஆசிரியர் மேசைக்கு வந்து சேராத சட்டம்

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 என்ற நீண்ட பெயருடைய சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில், எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை அளிக்கும் இச்சட்டத்தின் பொறுப்புகள் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு, பெற்றோர் எனப் பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. ஆயினும் அது உயிர்பெறும் இடம் தலைமை ஆசிரியரின் அறையும் வகுப்பறையுமே ஆகும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்து நிற்கும் தாயிடம் என்ன சொல்வது, பதினொரு வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் சிறுமியை எந்த வகுப்பில் உட்கார வைப்பது, தவறு செய்த மாணவனை எவ்வாறு திருத்துவது என்னும் முடிவுகளை அன்றாடம் எடுப்பவர் ஆட்சியரோ நீதிபதியோ அல்லர், ஆசிரியரே. எனவே சட்டத்தின் எந்தப் பிரிவை ஆசிரியர் அறியவில்லையோ, அந்தப் பிரிவு அப்பள்ளியின் எல்லைக்குள் இயற்றப்படாததற்கு ஒப்பானதாகிவிடுகிறது.

இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. 1911இல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதாவை அன்றைய மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தபோது, மறு ஆண்டு அது 13க்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் கூறு, பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்று சொன்னது. ஆனால் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறியாகவே அது நின்றது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினான்கு வயது வரையான கல்வியை அடிப்படை உரிமையாக அறிவித்த பின்னரே நிலைமை மாறியது. 2002இல் 86ஆவது திருத்தத்தின் வழியாக 21ஏ என்ற புதிய கூறு சேர்க்கப்பட்டது. அந்தக் கூற்றைச் செயலாக்கும் சட்டம் வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. பழைய மாகாணக் கட்டாயக் கல்விச் சட்டங்கள் பல, பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிப்பதையே கட்டாயம் என்று கொண்டிருந்தன. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவோ, குழந்தையைச் சேர்ப்பதும், வருகையை உறுதிசெய்வதும், எட்டாம் வகுப்பை முடிக்கச் செய்வதும் அரசின் கடமை என்று விளக்கம் தந்து, கட்டாயத்தின் முழுப் பாரத்தையும் அரசின் மீது ஏற்றியது. பள்ளியில் அந்த அரசின் முகமாக நிற்பவர் ஆசிரியர்.

இத்தகைய சட்டத்தைப் பற்றி ஆசிரியர்கள் அறிந்திருப்பது என்ன என்று பார்த்தால், அதன் பெயரை அறியாதவர் எவரும் இருக்க மாட்டார். தனியார் பள்ளிகளில் நுழைவு நிலை வகுப்பின் 25 விழுக்காட்டு இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும் என்பது பரவலாகத் தெரியும். பொதுமக்கள் பேச்சில் இச்சட்டமே அந்த ஒதுக்கீட்டின் பெயராகச் சுருங்கிவிட்டது. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பதும், பிரம்பு கூடாது என்பதும் தெரியும். இவற்றைத் தாண்டி, சேர்க்கை, வயதுச் சான்று, இடமாற்றம், சிறப்புப் பயிற்சி, ஆசிரியரின் கடமைகள், ஆசிரியருக்கான பாதுகாப்புகள், புகார் செய்யும் முறை ஆகியவை குறித்த பிரிவுகளுக்கு வரும்போது அறிவு மங்கத் தொடங்குகிறது. ஆசிரியர்களின் அக்கறையின்மையை இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. அரசுப் பள்ளி ஆசிரியரிடம் சட்டம் சட்டமாக வந்து சேருவதில்லை, சுற்றறிக்கையாகவே வந்து சேருகிறது. ஒரு மாதம் மேலாண்மைக் குழுத் தேர்தல் பற்றியும், அடுத்த மாதம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு பற்றியும், பிறிதொரு மாதம் படிவம் ஒன்றை நிரப்புவது பற்றியும் துண்டுதுண்டாக வரும் ஆணைகளுக்குப் பின்னால் ஒரே சட்டம் நிற்கிறது என்பதும், அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதும் படிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கல்வியியல் துறைகளில் ஆசிரியர்களின் சட்ட விழிப்புணர்வு குறித்த ஆய்வேடுகள் இந்தியா முழுவதும் எழுதப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு வினாநிரலைக் கொடுத்து மதிப்பெண் கணக்கிட்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும், நகரத்தாருக்கும் கிராமத்தாருக்கும், அரசுப் பள்ளியாருக்கும் தனியார் பள்ளியாருக்கும் இடையே வேறுபாடு உண்டா என்று சோதிப்பதோடு நின்றுவிடுகின்றன. சட்டம் எந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது என்ற வினாவுக்குச் சரியாக விடையளிக்கும் ஒருவர், மாற்றுச் சான்றிதழ் இல்லாத மாணவனைத் திருப்பி அனுப்பக்கூடும். ஆண்டை மறந்துவிட்ட மற்றொருவர் அதே மாணவனைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளக்கூடும். அளக்க வேண்டியது இந்த இரண்டாவது வகை அறிவையே.

சேர்க்கையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அவையும் இல்லாவிடில் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி ஆகியவற்றை ஏற்கலாம் என்று மத்திய அரசு வகுத்தளித்த மாதிரி விதிகள் வழிகாட்டுகின்றன. கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்பதும் மறுப்புக்குக் காரணமாகாது என்கிறது 15ஆம் பிரிவு. ஆதார் அட்டையைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. இருந்தும், கணினிப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது என்ற நிலை ஏற்படும்போது, அந்தக் காலிக் கட்டம் நீதிமன்றத் தீர்ப்பைவிட வலிமையுடையதாகிவிடுகிறது. மாற்றுச் சான்றிதழின் நிலையும் இத்தகையதே. ஒரு குழந்தை எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறலாம். முந்தைய பள்ளியின் தலைமை ஆசிரியர் சான்றிதழை உடனே வழங்க வேண்டும். வழங்கத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தாமதிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று 5ஆம் பிரிவு முழுமையான ஏற்பாட்டைச் செய்துள்ளது. அதன் பிறகும், கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகளில் நீடித்ததால்தான், 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, கட்டணம் வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்றும், அதில் பாக்கி பற்றிக் குறிப்பெழுதக் கூடாது என்றும் கூற வேண்டியதாயிற்று. சட்டப் புத்தகத்தில் பதினான்கு ஆண்டுகளாக இருந்த விதி பள்ளி அலுவலகம்வரை வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள்.

சேர்த்துக்கொண்ட பின் அடுத்த கேள்வி எழுகிறது. செங்கற்சூளைகளுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் ஆண்டுதோறும் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள், ஒன்பது அல்லது பத்து வயதில் எழுத்தறியாமல் வந்து நிற்கும்போது, அவர்களை முதல் வகுப்பில் அமர்த்துவதே இயல்பு என்று தோன்றலாம். 4ஆம் பிரிவு அதை ஏற்பதில்லை. குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, மற்ற மாணவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது. அப்பயிற்சி குறைந்தது மூன்று மாதமும் அதிகபட்சமாக இரண்டு ஆண்டும் நீடிக்கலாம் என்று மாதிரி விதிகள் வரையறுக்கின்றன. பதினான்கு வயதைக் கடந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசக் கல்விக்கு அக்குழந்தைக்கு உரிமை உண்டு என்பதையும் இப்பிரிவே சொல்கிறது. ஆறு வயதினரோடு உட்கார வைக்கப்படும் பதினொரு வயதுச் சிறுவனின் கூச்சத்தை எண்ணிப் பார்த்தே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் சிறப்புப் பயிற்சி என்னும் பாதி நடக்காமல் வயதுக்குரிய வகுப்பு என்னும் பாதி மட்டும் நடந்தால், அந்தச் சிறுவன் வேறொரு விதத்தில் கைவிடப்படுகிறான். இந்தப் பயிற்சியைக் கேட்டுப் பெறும் உரிமை குழந்தைக்கு இருப்பதை அறிந்த ஆசிரியர், வட்டார வள மையத்திடம் இணைப்புப் பயிற்சியை வலியுறுத்த முடியும். அறியாதவர் அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையின் சுமையாகவே காண்பார்.

பாதியை மட்டும் அறிந்திருப்பதால் ஏற்பட்ட கேடு மிகுதியாகத் தெரிவது 16ஆம் பிரிவின் வரலாற்றில்தான். எந்தக் குழந்தையையும் தொடக்கக் கல்வி முடியும்வரை ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கவோ பள்ளியை விட்டு நீக்கவோ கூடாது என்பது அதன் மூல வடிவம். இதனால் மாணவர்களின் படிப்பு கெட்டது, கற்பிப்பதில் பிடிப்புப் போய்விட்டது என்று ஆசிரியர்கள் பலர் உண்மையான வருத்தத்தோடு கூறியதுண்டு. அந்த வருத்தத்தை ஒதுக்கிவிட முடியாது. எனினும் சட்டம் இப்பிரிவைத் தனியே நிறுத்தவில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படும் கூடுதல் கற்பித்தலை அளிப்பதை ஆசிரியரின் கடமையாக 24ஆம் பிரிவும், ஆண்டிறுதித் தேர்வுக்குக் காத்திராமல் ஆண்டு முழுவதும் கற்றலைக் கவனித்துவரும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை 29ஆம் பிரிவும் வலியுறுத்துகின்றன. தோல்வி என்னும் வடிகட்டியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தொடர் கவனிப்பை வைப்பதே சட்டத்தின் திட்டம். வடிகட்டியை எடுத்த செய்தி மட்டும் பரவி, அதன் இடத்தில் வைக்க வேண்டியது பதிவேடுகளை நிரப்பும் சடங்காகிப்போனது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தவும், தேர்ச்சி பெறாதவர்களுக்குக் கூடுதல் கற்பித்தலும் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வும் அளிக்கவும், அதற்குப் பிறகும் தேறாவிட்டால் நிறுத்திவைப்பதா என்பதை உரிய அரசே முடிவு செய்யவும் இடமளித்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியபோது, எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைப்பதில்லை என்ற முறையே தொடரும் என்று தமிழ்நாடு அறிவித்தது. மத்திய அரசின் அறிவிப்பையும் மாநில அறிவிப்பையும் ஒருசேரக் கேட்ட பெற்றோர் குழம்பியது இயல்பு. அவர்கள் விளக்கம் கேட்டு வந்தது ஆசிரியரிடமே. எந்தத் திருத்தமும் பள்ளியை விட்டு நீக்கும் அதிகாரத்தைத் திருப்பித் தரவில்லை என்பதையாவது அவர் உறுதியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்டனை பற்றிய 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. சட்டம் வருவதற்கு முன்னரே, 2003இல், தமிழ்நாடு தனது கல்வி விதிகளிலிருந்து உடல் தண்டனைக்கு இருந்த இடத்தை நீக்கிவிட்டது. ஏழு மாநிலங்களில் 6,632 குழந்தைகளிடம் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10இல் நடத்திய ஆய்வில், எவ்விதத் தண்டனையும் பெற்றதில்லை என்று சொன்னவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. பிரம்பு குறைந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாதியையும் பெற்றோரின் தொழிலையும் குறிப்பிட்டுப் பேசுவது, கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, குறைந்த மதிப்பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுவது ஆகியவையும் அதே பிரிவால் தடுக்கப்பட்டவை என்னும் அறிவு, பிரம்பு பற்றிய அறிவின் அளவுக்குப் பரவவில்லை. இவற்றைச் செய்பவர்களில் பலர் தாங்கள் கண்டிப்பாக இருப்பதாகவே நம்புகிறார்கள் என்பதால், சட்டத்தை அவர்களுக்கு விளக்குவது அச்சுறுத்தலாக இல்லாமல், வகுப்பை வேறு எவ்வாறு நடத்தலாம் என்ற பயிற்சியோடு இணைந்து வர வேண்டும்.

இச்சட்டம் ஆசிரியர் மீது கடமைகளைச் சுமத்தும் சட்டம் மட்டுமே என்ற எண்ணம் பரவியிருப்பது பெருந்தவறு. ஆசிரியரைப் பாதுகாக்கும் பிரிவுகள் அதில் நிறைய இருக்கின்றன; அவற்றைப் பற்றிய அறிவு கடமைகளைப் பற்றிய அறிவைவிடக் குறைவு. அறுபது குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்குக்கூட இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை கூறுவதால், ஓராசிரியர் பள்ளி என்பது சட்டத்துக்குப் புறம்பான நிலையாகும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரும், அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியரும் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற பணிநேரத்தில் பாடத்துக்குத் தயாராகும் நேரமும் அடங்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணியிலும் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்பது 27ஆம் பிரிவு. தேர்தல் பணியிலும், வாக்காளர் பட்டியல் வேலைகளுக்கு விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலுமே ஆசிரியரைப் பயன்படுத்த வேண்டும் என்று 2007 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடுவீடாக நடக்கும் ஆசிரியரும், கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையான எமிஸ் இணையதளத்தில் புள்ளிவிவரம் ஏற்றுவதிலேயே முற்பகலைக் கழிக்கும் ஆசிரியரும் தங்கள் குறையைப் பணிச்சுமையாக மட்டும் முன்வைக்கும்போது, அது ஊழியர் கோரிக்கைகளில் ஒன்றாகவே கருதப்படுகிறது. அந்த மணிநேரங்கள் குழந்தைகளுக்குச் சட்டம் உறுதியளித்த மணிநேரங்கள், தொடக்க நிலையில் ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரமும், நடுநிலையில் 220 நாட்களும் 1,000 மணி நேரமும் அவர்களுக்கு உரியவை என்று சொல்லும்போது, அதே குறை ஒரு குழந்தையின் உரிமை மறுக்கப்பட்டதற்கான புகாராக உருப்பெறுகிறது. ஆசிரியர் சங்கங்கள் இந்த மொழியைக் கையிலெடுக்க வேண்டும்.

சட்டத்தை ஆசிரியர்களிடம் கொண்டு சேர்ப்பது இயலாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. 23ஆம் பிரிவின்கீழ் வரையறுக்கப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வில், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசமே அளிக்கப்பட்டது. அதற்குக் குறைவான பணிக்காலம் உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி பெறாமல் பதவி உயர்வு பெற முடியாது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்தவர்களின் வாழ்வாதாரமே கேள்விக்குள்ளான அந்த வேளையில், இச்சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதன் திருத்தங்களும் ஆசிரியர் ஓய்வறைகளில் வரிவரியாகப் படிக்கப்பட்டன. அவர்களின் கவலை நியாயமானது. அது வேறு விவாதத்துக்கு உரியது. ஒரு பிரிவை அத்தனை நுணுக்கமாகப் படிக்க முடிந்தவர்களால் மற்றப் பிரிவுகளையும் படிக்க முடியும் என்பதே இங்கே கருதத்தக்கது.

இதற்கான முதல் இடம் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிலும் கல்வியியல் பட்டப் படிப்பிலும் இச்சட்டம் கொள்கை வரலாற்றின் ஒரு பத்தியாக, ஆண்டும் பெயரும் மனப்பாடம் செய்யப்படும் பகுதியாக இருப்பதற்கு மாறாக, சட்ட வாசகத்தையே கையில் கொடுத்து, இந்தச் சூழலில் தலைமை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று விவாதிக்கும் பயிற்சியாக மாற வேண்டும். பணியில் இருப்பவர்களுக்குக் குறுவள மையக் கூட்டங்கள் உள்ளன. அங்கே அரைமணி நேரம், அந்த வட்டாரத்தில் உண்மையில் எழுந்த ஒரு சேர்க்கைச் சிக்கலை எடுத்துப் பேசினாலே போதும். எல்லாவற்றிலும் கவலைக்குரியது தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலை. அவர்களுக்கு அரசின் பயிற்சிகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்துச் சேர்ப்பது 13ஆம் பிரிவின்படி முதன்முறை 25,000 ரூபாயும் அடுத்தடுத்த முறை 50,000 ரூபாயும் வரை அபராதத்துக்குரிய குற்றம் என்பதை அறியாமலேயே, நிர்வாகத்தின் கட்டளைப்படி அந்த நேர்காணல்களை நடத்துபவர்களாக அவர்கள் இருக்கிறார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் வந்த தீர்ப்பின் சரித்தன்மை குறித்து, தகுதித் தேர்வு வழக்கின் அமர்வு ஐயம் எழுப்பியிருப்பதால், அப்பள்ளிகளின் ஆசிரியர்களும் இச்சட்டத்தை அறிந்துவைப்பது நல்லது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு வகுத்திருக்கும் ஏற்பாட்டைக் கையெழுத்து வாங்கும் கூட்டமாக விட்டுவிடாமல், சட்டத்தை ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து படிக்கும் இடமாக ஆக்கலாம். உரிமை மறுக்கப்பட்டால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் முறையிடலாம், அது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்னும் 32ஆம் பிரிவின் வழியை அறிந்த பெற்றோர் மிகச் சிலரே. அவர்களுக்கு அதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பை ஆசிரியர்கள் பலர் மற்றொரு கூடுதல் வேலையாகவே எண்ணுகிறார்கள். தம் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையான குழந்தைகள் எல்லோரின் பதிவேட்டையும் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சேர்க்கையை உறுதிசெய்வதும் அதன் கடமையே என்றும் 9ஆம் பிரிவு கூறுகிறது. இதை அறிந்த தலைமை ஆசிரியர், கணக்கெடுப்புக்குக் கிளம்பும் முன் ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று அந்தப் பதிவேட்டைக் கேட்கலாம். அது இல்லையென்றால் இல்லை என்பதை எழுத்தில் பெறலாம். ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த சூளைக் குடியிருப்பு அதில் விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லி, ஜூன் மாதத்தில் அந்தப் பெயர்களைத் தம் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வராத பிள்ளைகளின் பட்டியலை ஊராட்சிக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்பலாம்.